உழைப்பாளர் சிலை: பெயரும் வடிவமும்

சென்னை மெரினா கடற்கரையின் வடபகுதியில் நிற்கும் உழைப்பாளர் சிலை, 1959 சனவரி 25 அன்று, குடியரசு நாளுக்கு முந்தைய நாளில் திறந்துவைக்கப்பட்டது. சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக 1957 வரை பணியாற்றிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது அது. அவ்வெண்கலச் சிற்பத்தின் ஆங்கிலப் பெயர் 'உழைப்பின் வெற்றி' எனப் பொருள்படும். மக்கள் வழக்கோ வெற்றியைக் கைவிட்டு உழைப்பவரை மட்டும் ஏற்றது. பேருந்து நிறுத்தமும் அப்பெயராலேயே அறியப்படுகிறது. சிற்பத்தைச் சரியாகப் படித்தது மக்கள் வழக்கே எனலாம்.

ஆடவர் நால்வர் நெம்புகோல் கொண்டு ஒரு பெரும்பாறையைப் பெயர்க்க முயல்கின்றனர். பாறை இன்னும் இடம் பெயரவில்லை. முதுகு வளைந்து, தொடை இறுகி, கால்கள் நிலத்தை உந்துகின்றன. வென்றவர்க்குரிய நிமிர்வு எவர் உடலிலும் இல்லை. இதே சிற்பியின் பாட்னா தியாகிகள் நினைவுச் சின்னத்தில் எழுவர் கொடியுடன் முன்னேறுகின்றனர். அவர்களுள் வீழ்வோரும் உளர். எனினும் அவ்வியக்கத்திற்குத் திசை உண்டு. மெரினாவில் ஆற்றல் முழுவதும் பாறையில் முட்டி நின்றுவிடுகிறது. முடிவுறாத அந்தக் கணமே சிற்பத்தின் வலிமை. 'வெற்றி' என்னும் தலைப்பு அதனைக் குறைத்தே காட்டுகிறது.

1968இல் நடைபெற்ற உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வள்ளுவர், ஔவையார், கண்ணகி முதலியோர்க்கு இதே கடற்கரையில் சிலைகள் எழுந்தன. அவர்களைப் பீடத்தில் பொறித்த பெயர் அறிமுகம் செய்கிறது. இந்நால்வருக்கோ பெயரில்லை. கலைப்பள்ளிக் காவலர் ஒருவரும் மாணவர் ஒருவரும் மாதிரிகளாக நின்றனர் என்பது சுவையான செய்தியே. ஆயினும் அதனை அறியாதவர்க்கும் சிற்பம் குறைவுபடுவதில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. கல்லும் மண்ணும் சுமந்து இந்நகரைக் கட்டியவருள் பெண்கள் பலர். சிற்பத்தில் ஒருவரும் இல்லை. மேலும், தசையின் முறுக்கே இங்கு உழைப்பின் அடையாளம். சங்கரன்கோவில் போன்ற விசைத்தறி ஊர்களில் தொழிலாளி தறிகளுக்கிடையே ஓயாது நடக்கிறார், அறுந்த இழையை முடிகிறார், தார் மாற்றுகிறார், இரைச்சலில் செவித்திறனையும் இழக்க நேர்கிறது. தோளிலோ தொடையிலோ புலப்படாத அத்தேய்வை வெண்கலத்தில் வார்க்க, ராய் சௌத்ரியின் உடற்கூற்று நடப்பியலில் இடமில்லை.