பாவைக்கூத்தும் நூற்பாவையும்

தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டைப் பகுதியிற் கூத்து எனின், மாந்தர் வேடம் புனைந்து ஆடும் தெருக்கூத்தே முதற்கண் நினைவிற்கு வரும். தோற்பாவைக் கூத்து எனினோ, ஆடுவது தோலிற் செய்த உருவம். ஆட்டுவோன் திரைக்குப் பின்னே உள்ளான். கூத்து என்னும் சொல் ஆடுவது யாது என்பதை வரையறுப்பதில்லை. இதனை மறப்பின், கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோராடலுள் ஒன்றாகிய பாவையைப் பொம்மலாட்டத்தின் பழஞ்சான்றாகக் கொள்ளும் பிழை நேரும்.

அப்பாவை, அவுணர் மயங்கிப் போர்க்கோலம் ஒழியுமாறு திருமகள் கொல்லிப்பாவை வடிவில் ஆடியது என்பர் உரையாசிரியர். அதனை மாதவி தன் மெய்யால் ஆடிக் காட்டினாள். ஆதலின் அது பாவையை ஆட்டும் கலையன்று. பாவையாக ஆடும் கலை.

இதற்கு ஒப்பாகச் சப்பானியரின் ‘அயட்சுரி சன்பாசோ’ என்னும் ஆடலைக் காட்டலாம். 1853-இல் எடோ நகரின் கபுகி அரங்கில் தோன்றிய அவ்வாடலில், நடிகர் நூற்பாவை போல அசைவார். துணைவர் ஒருவர் இல்லாத நூலை இழுப்பார். நூல் அறுந்ததாகக் காட்டியதும் பாவை நிலைகுலைந்து விழும். அதனை முடிந்தபின் மீண்டும் எழும்.

நம் உரைமரபு பாவையை வீழ்ந்தாடல் ஐந்தனுள் ஒன்றாக வைத்தலின், நூலறுந்த வீழ்ச்சியை அச்சொல்லிற் காண மனம் விழைதல் கூடும். அது பொருந்தாது. துடி, கடையம், பேடு, மரக்கால் என்பனவும் அவ்வைந்தனுள் அடங்குவனவே. அவற்றுக்கு நூலின் தொடர்பு யாதுமில்லை.

மேலும், நம் இலக்கியத்துப் பாவை ஒரு தன்மைத்தன்று. நாணிலார் இயக்கத்திற்குக் குறள் (1020) உவமையாக்கிய மரப்பாவை, கயிற்றால் உயிருடையதுபோல் மருட்டுவது. நற்றிணை (192) தலைவியின் நலத்திற்கு உவமித்த கொல்லிப்பாவையோ பூதம் அமைத்தது. அதன் ஆற்றல் அழகே. கயிறு அதற்கில்லை.

சன்பாசோ ஆடுவார் குறளின் மரப்பாவைக்கு இனமாவார். உயிருள்ள உடல் தனக்கென விருப்பம் இல்லாததுபோல் தோன்றுவதே அவர்தம் கலைத்திறம். திருமகளின் பாவையோ நற்றிணைப் பாவைக்கு இனம். அது பிறரால் ஆட்டப்படுவதன்று, கண்டாரை ஆட்டுவது. வடிவொப்புமை நோக்கி இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளின், ஆடலின் உயிர்நிலையையே இழப்போம். எனவே கூத்து வரலாறு எழுதுவோர் நூற்பாவையையும் பாவைக்கூத்தையும் வெவ்வேறு இயல்களில் வைத்து ஆராய்தலே முறை என்பது எம் துணிபு.