நாயின் வலிக்கு எண் போடுவது

மூட்டுத் தேய்ந்த நாயின் நாள்பட்ட வலியை அளக்கப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டோரதி பிரவுன் குழுவினர் உருவாக்கிய சுருக்க வலி வினாப்பட்டியல், மனிதரின் புற்றுநோய் வலிக்கென எழுந்த பட்டியலின் வழிவந்தது. கேள்விகள் 11. வலியின் கடுமைக்கு 4, அன்றாடச் செயல்களை வலி எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு 6, வாழ்க்கைத் தரத்துக்கு 1. முதல் பத்துக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. நிரப்ப வேண்டியவர் நாயை வளர்ப்பவர்.

புனே அருகே உள்ள சாகணில், தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் இதைக் கொடுத்துப் பார்த்தேன். நாய் பத்து வயது லாப்ரடார். கணவருக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறுவதால் அவர் பார்க்கும் நேரம் வேறு, மனைவி பார்க்கும் நேரம் வேறு. இருவரும் தனித்தனியே நிரப்பினார்கள். சராசரி வலிக்கு அவர் போட்டது 3, மனைவி போட்டது 6. படுக்கையிலிருந்து எழுவதில் உள்ள தடைக்கு மட்டும் இருவருமே 7 போட்டிருந்தார்கள்.

ஏன் 7 என்பதை நானும் பார்த்தேன். நாய் முன்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்தது. பின்னங்கால்கள் டைல்ஸில் வழுக்கின, நகம் கீறும் சத்தம் கேட்டது. பாதி எழுந்து உட்கார்ந்துவிட்டது. பிறகு சுவரோரமாக நகர்ந்து, கோணியால் தைத்த மிதியடி மேல் பாதம் பட்டதும் ஒரே மூச்சில் எழுந்தது.

பட்டியலின் வலுவும் குறையும் இந்த இரண்டு விடைகளிலேயே தெரிகின்றன. கடுமையைக் கேட்கும் பகுதி, பேசாத உயிரின் உள்ளுணர்வுக்கு எண் கேட்கிறது. கிடைப்பதில் நாயின் வலி கொஞ்சம், வளர்ப்பவரின் கவலை கொஞ்சம். தடையைக் கேட்கும் பகுதியோ கண்ணால் கண்டதைக் கேட்கிறது, அதனால் உறுதியாக நிற்கிறது. அதிலும் ஓட்டம் பற்றிய கேள்வி, அடுக்ககத்தில் கயிற்றோடு மட்டும் வெளியே போகும் நாய்க்குப் பொருந்தவில்லை. லிஃப்டில் இறங்கும் நாய்க்குப் படிக்கட்டுக் கேள்வியும் அப்படியே. பொருந்தாததை அடித்துவிடலாமே என்று தோன்றும். அடித்தால் சராசரி மாறும், பழைய எல்லைக்கோடுகளும் செல்லாமல் போகும். கடுமையில் குறைந்தது 1, தடையில் குறைந்தது 2 இறங்கினால் சிகிச்சை பலித்தது என்ற வரையறை முழுப் பட்டியலுக்கு உரியது.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. 2012இல் கான்செமியஸும் எவன்ஸும் வெளியிட்ட ஆய்வு, மருந்தில்லாத மாத்திரை பெற்ற 58 நாய்களைப் பார்த்தது. பாதம் அழுத்தும் விசையை அளக்கும் தட்டு முன்னேற்றம் காட்டாதபோதும், வளர்ப்பவர்கள் ஏறக்குறைய 57 விழுக்காடு தடவை நாய் தேறியதாகவே கண்டார்கள். கால்நடை மருத்துவர்களும் 40 விழுக்காட்டை ஒட்டி அதே பிழையைச் செய்தார்கள். நாய் நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் இப்படிப் பார்க்க வைக்கிறது. அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் அதை அளவையாக ஏற்க முடியாது.

இந்த ஓர் ஆய்வை வைத்துப் பட்டியலைத் தள்ளுவதும் நேர்மையாகாது. 2018இல் பட்ஸ்பெர்க் குழுவின் சோதனையில் விசைத்தட்டோடு இதே பட்டியலையும் வைத்தார்கள். கார்ப்ரோஃபென் என்ற வலிமருந்துக்கு மதிப்பெண் இறங்கியது. டிரமடால் என்ற மற்றொரு வலிமருந்துக்கோ வெறும் மாத்திரையைத் தாண்டிய பலன் தெரியவில்லை. எது தரப்படுகிறது என்பதை வளர்ப்பவரிடம் மறைத்து, பல நாய்களின் சராசரியைப் பார்க்கும் இடத்தில் கருவி பொய் சொல்வதில்லை. சாகண் வீட்டிலோ மாத்திரையை வாங்கி வருபவரும் கொடுப்பவரும் மதிப்பெண் போடுபவரும் அதே குடும்பத்தார்தான்.

பட்டியல் கேட்காத இரண்டையும் வீட்டில் கேட்டாக வேண்டும். ஒன்று எடை. பருத்த நாய்களில் உடல் எடை 6 விழுக்காடு அளவு குறைந்ததுமே நொண்டல் குறைவதாக ஆய்வு உண்டு. இந்த லாப்ரடாருக்கு அது 2 கிலோவுக்குச் சற்று மேல். பிஸ்கட்டையும் தயிர்சாதத்தையும் குறைத்தால் போதும். மற்றது, வீட்டு மருந்துப் பெட்டி. மனிதருக்கான டைக்ளோஃபெனாக்கும் இபுப்ரோஃபெனும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குத் தருவதை இந்தியா 2006இல் தடுத்தது பாறுக் கழுகுகளைக் காக்க. மனிதருக்கான மாத்திரை அட்டை இன்னும் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது.

என் தீர்ப்பு இது. ஆய்வுக்கூடத்துக்கு இந்தப் பட்டியல் தகுதியான கருவி. ஒற்றை வீட்டுக்கு அது பாதிக் கருவிதான், அந்தப் பாதி தடையைக் கேட்கும் பகுதி. முழுவதையும் நிரப்பட்டும், ஆனால் நம்பிக்கையை அந்த ஆறு கேள்விகளில் வைக்கட்டும். கூடவே அந்த வீட்டுக்கே உரிய மூன்று செயல்களை மருந்து தொடங்கும் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். டைல்ஸில் எழுவது, லிஃப்டிலிருந்து வாசல்வரை நடப்பது, காரில் ஏறுவது. ஒவ்வொன்றையும் அதே இடத்தில், அதே நேரத்தில் கைபேசியில் படம் பிடித்து, நான்கு வாரம் கழித்து மீண்டும் பிடித்து, எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லாமல், வீட்டைச் சேராத ஒருவரிடம் காட்ட வேண்டும். சாகணில் அந்த முதல் படம் எடுத்தாயிற்று. மிதியடியைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் எடுத்தோம்.