உவமையை மருந்தாக்கியோர்

தேவாங்கின் கண் பெரிது. இரவில் இரை தேடும் உயிருக்கு அத்தகைய கண் வேண்டும். ஆனால் நாட்டு மருத்துவத்தின் பெயரால் பேசுவோர் அக்கண்ணைக் கண்டதும் வேறு முடிவுக்கு வந்தனர். பெரிய கண்ணுடையது, ஆதலால் கண்ணோய்க்கு மருந்து! உடும்பின் பிடி வலிது, ஆதலால் அதன் இறைச்சி உண்டவன் உடல் உரம்பெறும்! சிட்டுக்குருவி ஓயாது கூடுவது, ஆதலால் அதன் லேகியம் ஆண்மை தரும்!

இலக்கியம் பயின்றோர்க்கு இம்முறை புதிதன்று. உவமை என்று இதற்குப் பெயர். வேல்விழி என்று கவிஞன் பாடினால், அவ்விழியால் குத்துண்டு எவரும் மாள்வதில்லை. அவன் ஒப்புமை காட்டினான், நாம் சுவைத்தோம், அவ்வளவே. லேகியக்காரரோ உவமையை உரலிலிட்டு இடிக்கிறார். பொட்டலம் கட்டி விலையும் கூறுகிறார். நரிக்கொம்பு வாணிகம் இதனினும் ஒருபடி மேல். நரிக்குக் கொம்பே இல்லை. ஆயினும் கொம்பு விற்பனையாகிறது. இல்பொருள் உவமைக்கு இலக்கணம் எழுதும் புலவர்கள் இந்த எடுத்துக்காட்டைத் தவறவிடலாகாது!

"முன்னோர் மூடர்களா?" என்று சினந்து கேட்பாருண்டு. அல்லர். கையில் கிடைத்ததைக் கொண்டு நோயோடு போராடியவர்கள் அவர்கள். விலங்கின் உடலில் மருந்தே இல்லை என்றும் நாம் கூறவில்லை. பாம்புக்கடிக்கு இன்று தரப்படும் மருந்தே குதிரையின் குருதியிலிருந்து வருகிறது. நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியில் தோன்றும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கின்றனர். அந்த நஞ்சைத் தருவோர் யார்? 1978இல் சென்னைக்கருகே கூட்டுறவுச் சங்கம் கண்ட இருளர் மக்கள்! பாம்பைக் கொன்று தோல் விற்ற காலம் போய், உயிரோடு பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். அவர்தம் பழைய அறிவு அழியவில்லை. ஆய்வுக்கூடத்துக்குப் பயன்பட்டு உயர்ந்தது.

மறுபுறம், பாம்பு கடித்த இடத்தில் கோழிக்குஞ்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து அழுத்தும் வழக்கத்தைப் பாருங்கள். குஞ்சு சாகும், நஞ்சை உறிஞ்சிற்று என்பர். இறுகப் பிடித்தால் எந்தக் குஞ்சுதான் சாகாது? அதே நேரத்தில் கட்டுவிரியனின் நஞ்சு, கடியுண்டவனின் மூச்சுத் தசைகளை மெல்ல முடக்கிக்கொண்டிருக்கும். குஞ்சுகளை எண்ணிக் கழித்த நேரம், மருத்துவமனை போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நேரமன்றோ!

தேவாங்குக்காகக் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் காட்டை 2022இல் கடவூர் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் மருத்துவர் பத்துக் கல் தொலைவிலும், பொட்டலக்காரர் வாயிலிலும் இருந்தால், நோயுற்ற ஏழை யாரிடம் செல்வான்? அவனை எள்ளுவோரோடு நாம் சேரோம். நம் வழக்கெல்லாம், கண் மருத்துவரிடம் தம் கண்ணைக் காட்டிவிட்டு வந்து, தேவாங்குக் கண்ணின் பெருமையை மேடையில் முழங்கும் அன்பர்களோடுதான்.