சைலன்சரைக் கழற்றினால் வேகம் கூடுமா?

“புகை தடையின்றி வெளியே போனால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும், இழுவை கூடும்.” மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் கழற்றிவிட்டு, அல்லது அதன் உட்பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, வெறுங்குழாயுடன் ஓட்டுபவர்கள் கூறும் முதல் காரணம் இது. “சத்தம் கேட்டால் மற்றவர்கள் ஒதுங்குவார்கள், விபத்து நேராது” என்பது இரண்டாவது. “வெறும் சத்தம்தானே, அதனால் யாருக்கு என்ன கேடு?” என்பது மூன்றாவது. மெக்கானிக் கடை வாசலில் அன்றாடம் கேட்கும் இப்பேச்சுகளை அறிவியல் என்னும் உரைகல்லில் உரசிப் பார்ப்போம்.

முதலில், ஓசை எங்கிருந்து வருகிறது? சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. வெளியேற்று வால்வு திறக்கும்போதும் உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போலச் சில மடங்கு இருக்கும். அவ்வாயு குழாய்க்குள் குபீரெனப் பாய்வதே ஓசையின் பிறப்பிடம். நிமிடத்திற்கு 6,000 சுற்றுகள் சுழலும் ஒற்றைச் சிலிண்டர் நான்கு வீச்சு எஞ்சினில், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை இப்பாய்ச்சல் நிகழ்கிறது. அதாவது நொடிக்கு 50 வெடிகள்!

இவ்வோசையைத் தணிக்கும் கருவிக்கு, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றனர். சைலன்சருக்குள் சிறு அறைகளும் துளையிட்ட குழாய்களும் இருக்கின்றன. ஒலியலைகள் அவற்றில் மோதித் திரும்பி, ஒன்றன் முகடு மற்றொன்றன் அகட்டில் விழுமாறு அளவுகள் அமைக்கப்பட்டுள்ளன. இவ்வாறு அலையே அலையை அழிக்கிறது. சிலவற்றில் கண்ணாடிப் பஞ்சும் அடைத்திருப்பார்கள். அது ஒலியை உறிஞ்சிக்கொள்ளும்.

இனி, முதல் வாதத்திற்கு வருவோம். சைலன்சர் வாயுவின் பாதையில் சிறிது தடையை உண்டாக்குகிறது என்பது மெய்தான். ஆனால் அதை நீக்கினாலே திறன் கூடிவிடும் என்பது தவறு. குழாயில் வாயு மட்டும் செல்வதில்லை; ஓர் அழுத்த அலையும் உடன் செல்கிறது. குழாய் விரியும் இடத்தையோ திறந்த முனையையோ அடைந்ததும் அது தாழ்வழுத்த அலையாக மாறித் திரும்பி வருகிறது. வால்வு மூடுவதற்குச் சற்று முன்பு அது வந்து சேர்ந்தால், எஞ்சிய புகையை இழுத்து வெளியேற்றிப் புதுக் கலவைக்கு இடமளிக்கும். நேரம் தவறினால் இவ்வுதவி கிட்டாது. அந்த நேரத்தைத் தீர்மானிப்பவை குழாயின் நீளமும் அகலமும். பந்தய வண்டியில் திறந்த குழாய் பயன்படுகிறதென்றால், மிகு வேகச் சுழற்சிக்கென்றே குழாயின் நீளம், எரிபொருளின் அளவு, தீப்பொறியின் நேரம் எல்லாம் கணக்கிட்டு அமைக்கப்பட்டிருப்பதே காரணம். சந்தைத் தெருவில் இரண்டாம் கியரில் செல்லும் வண்டிக்கு அக்கணக்கு பொருந்தாது.

யெஸ்டி, ஆர்.எக்ஸ். 100 போன்ற இரு வீச்சு எஞ்சின் வண்டிகளில் இழப்பு இன்னும் வெளிப்படை. இவற்றில் புகை வெளியேறும் வழி திறந்திருக்கும்போதே புதுக் கலவையும் உள்ளே நுழைகிறது. அதில் ஒரு பகுதி எரியாமலே தப்பி வெளியே ஓடும். முறையாக அமைந்த குழாயில் திரும்பிவரும் அழுத்த அலை, ஓடும் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடுகிறது. கிழக்கு ஜெர்மனியின் பொறியாளர் வால்ட்டர் காடன் 1950-களில் இந்நுட்பத்தை வளர்த்தெடுத்தே சிறு எஞ்சின்களைப் பந்தயங்களில் வெல்லச் செய்தார். அப்படிப்பட்ட குழாயை அறுத்தெறிவது, பெட்ரோலையும் திறனையும் சேர்த்தே வீதியில் கொட்டுவதாகும்.

அண்மைக்கால வண்டிகளில் வேறொரு கேடும் உண்டு. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு முதலிய நச்சுகளை மாற்றும் வினையூக்கிப் பகுதி, பெரும்பாலும் வெளியேற்றுக் குழாயிலோ சைலன்சரின் உள்ளேயோ இருக்கிறது. சைலன்சருடன் அதுவும் போனால் ஓசையோடு நஞ்சும் பெருகும்.

பிறகு ஏன் வேகம் கூடியதாகத் தோன்றுகிறது? ஓசை மிகுந்தால் விரைவும் மிகுந்ததாக மனம் எண்ணிக்கொள்கிறது. கழற்றுவதற்கு முன்னும் பின்னும் கடிகாரம் வைத்து அளந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இரண்டாவது வாதம் பாதுகாப்பைப் பற்றியது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்த ஹாரி ஹர்ட் குழுவினரின் அறிக்கை 1981-இல் வெளியாயிற்று. முக்கால் பங்குக்கு மேற்பட்ட விபத்துகளில், ஆபத்து ஓட்டுபவருக்கு நேர் முன்னே இருபுறமும் 45 பாகைக்குள் இருந்தது என்று அது கூறியது. சைலன்சர் குழாயின் வாயோ பின்னோக்கி இருக்கிறது. ஓசை பெரிதும் செல்வது, கடந்து வந்துவிட்ட தெருவை நோக்கியே! முன்னே வருபவர் கண்ணில் படுவதற்கு எரியும் முகப்பு விளக்கும் பளிச்சென்ற உடையும் மேலும் உதவும்.

மூன்றாவது வாதமே மிகவும் கொடியது. ஒலியின் அளவில் 10 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் 10 மடங்காகிறது. சாதாரணப் பேச்சு 60 டெசிபல். வெறுங்குழாயின் அருகில் 100 டெசிபலுக்கு மேலும் எழும். வேறுபாடு 40தானே என்று எண்ண வேண்டாம். ஆற்றலில் அது 10,000 மடங்கு. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், 100 டெசிபலுக்கு 15 நிமிடமே எல்லை என்றும் அமெரிக்கத் தொழில் நலவாழ்வு ஆய்வு நிறுவனம் வகுத்துள்ளது. கல்லூரிக்குப் போய்வரும் நேரமே இவ்வெல்லையைத் தாண்டிவிடும்.

உட்செவியின் நத்தை வடிவக் குழலில் உள்ள மயிரிழைச் செல்கள் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன. மனிதனிடம் இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உச்ச ஒலிகளை உணரும் செல்களே முதலில் பழுதாகின்றன. அதனால் பேச்சு காதில் விழும். ஆனால் ‘கடை’யா, ‘தடை’யா, ‘படை’யா என்பது விளங்காது. இக்குறை மெல்ல மெல்ல வருவதால், ஓட்டுபவருக்கே நெடுநாள் தெரியாமல் இருக்கும்.

அவர் தம் காதைக் கெடுத்துக்கொள்வதோடு இது நிற்பதில்லை. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபலும் மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றைச் சுற்றி 40 டெசிபலும் வரம்பாக விதிக்கின்றன. திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போது ஒலி 6 டெசிபலே குறையும். 5 மீட்டரில் 100 டெசிபலாக இருக்கும் ஒலி, 80 மீட்டருக்கு அப்பாலும் 76 டெசிபலாகக் கேட்கும். அங்கே உறங்கும் குழந்தையும், தேர்வுக்குப் படிக்கும் மாணவியும், இதய நோயாளியும் என்ன பாவம் செய்தார்கள்?

சைலன்சர் கட்டாயம் என்கின்றன 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள். ஒலி வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வகைசெய்தது. பறிமுதல் செய்த குழாய்களைப் போலீசார் ரோடு ரோலர் ஏற்றி நசுக்கியதும் உண்டு. ஆனால் குழாயை நசுக்கினால் போதாது. அதைப் பொருத்தத் தூண்டிய தவறான எண்ணமும் நீங்க வேண்டும். குழாயில் எழும் ஒலியலைகளைப் பற்றிப் பிளஸ் ஒன் இயற்பியலில் படித்துத் தேர்வில் எழுதும் மாணவனே, மாலையில் மெக்கானிக் கடையில் சைலன்சரை அறுக்கச் சொல்கிறான். படித்தது மதிப்பெண்ணோடு முடிந்துபோவதே இதற்குக் காரணம். அவனுக்குத் தேவையான பாடம் அவன் புத்தகத்திலேயே இருக்கிறது; அதைத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி.