கடவுள் கையில் நூறு ரூபாய்

அந்தமான் பழங்குடிகளிடம் மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் கேட்டு எழுதிய கதைகளில் பிலிக்கு என்ற தெய்வம் அடிக்கடி வருகிறாள். புயலும் இடியும் அவள் கோபம். அவள் தூங்கும்போது மீன்கொத்தி நெருப்பைத் திருடிக்கொண்டு ஓடுகிறது. விழித்தவள் கையில் கிடைத்த முத்துச்சிப்பியை வீசுகிறாள். சிறகும் வாலும் அறுபட்ட பறவை கடலில் பாய்ந்து, நீந்தியே நெருப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தண்ணீரில் நெருப்பு அணையாதா என்று கதை கேட்கும் யாருக்கும் தோன்றாது; அவ்வளவு வேகம். கிரேக்கப் புராணத்தில் அதே குற்றத்துக்குப் புரொமீதியஸைப் பாறையில் பிணைத்துக் கழுகுக்கு ஈரலைத் தின்னக் கொடுத்தார் சீயஸ். எனக்கு அந்தச் சிப்பிதான் பிடித்திருக்கிறது. கரையில் யாரும் குனிந்து எடுத்துவிடக்கூடிய பொருள் அல்லவா அது!

தெய்வத்தின் கையில் சின்னப் பொருளைக் கொடுத்துப் பார்ப்பதில் கிரேக்க நகைச்சுவைக்காரர்களும் வல்லவர்கள். அரிஸ்டோஃபனீஸின் ‘தவளைகள்’ நாடகத்தில் (கி.மு. 405) பாதாளம் போகும் கடவுள் டயோனிசஸ், மூட்டை சுமக்க ஒரு பிணத்திடம் கூலி பேசுகிறார். பிணம் கேட்பது இரண்டு திராக்மா. கடவுள் ஒன்றரைக்கு இறங்கிவரச் சொல்கிறார். அதற்கு உயிரோடு எழுந்துவிடலாம் என்று பிணம் முறுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

நம் புதுமைப்பித்தன் இதையும் தாண்டிவிட்டார். 1943இல் ‘கலைமகள்’ இதழில் வெளிவந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில், சென்னை பிராட்வே முனையில் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டு நிற்கிறார் கடவுள். பிள்ளை அவரைக் காப்பி ஓட்டலுக்கு அழைத்துப் போகிறார். ஒரு வாய் குடித்ததும் கடவுளின் முகத்தில் தேவகளை. இந்த ருசியும் தம் லீலைதான் என்கிறார். பிள்ளை விடுவாரா? அது ஓட்டல்காரன் லீலை, சிக்கரி கலந்திருக்கிறான் என்று திருத்துகிறார்; பில் கொடுக்கும்போதுதான் உம்முடைய லீலை என்றும் சேர்த்துக்கொள்கிறார். காப்பிக் காசுக்குக் கடவுள் நீட்டுவது நூறு ரூபாய் நோட்டு! படைத்தவருக்குச் சில்லறை என்ற ஒன்று இருப்பதே தெரியவில்லை. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். இங்கே கடவுளைக் கேலி செய்யும் குரல் துளியும் இல்லை. ஊருக்குப் புதிதாய் வந்த பெரியவர் ஒருவரிடம் காட்டும் உரிமைதான் பிள்ளையின் பேச்சு முழுக்க.

வரம் கேட்காத பிள்ளை, தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா மட்டும் கேட்கிறார். அதற்கு விலை இருபத்தைந்து ரூபாய். யாருடைய ஆயுள் என்று கேட்கிறார், அழிவே இல்லாதவர்.