தங்க ஆட்டுத்தோலும் ஒரு சத்தியமும்

வியன்னாவின் ஹொஃப்பூர்க் அரண்மனைக் கருவூலத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முடிகளைப் பார்க்கத்தான் போகிறார்கள். அதே கருவூலத்தில் தங்க ஆட்டுத்தோல் வீரர்சபையின் சொத்துக்களும் இருக்கின்றன. அழகில் இவற்றுக்கு இணை சொல்வது கடினம். ஆனால் அழகை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது அரைப் பார்வை.

1430 ஜனவரியில், புரூஜ் நகரில், போர்த்துக்கல் இளவரசி இசபெல்லாவை மணந்த நாட்களில், பர்கண்டிக் கோமகன் பிலிப் இச்சபையைத் தொடக்கினான். முதலில் 24 வீரர்கள், கோமகனே தலைவன். வீரர் அணியும் தங்க மாலையில் தீக்கல்லும் அதைத் தட்டும் இரும்பும் மாறிமாறி வரும். கீழே ஆட்டுத்தோல் தொங்கும். மாலை அணிபவருக்குச் சொந்தமல்ல. அவர் இறந்தால் வாரிசுகள் அதைச் சபையிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

கருவூலத்தின் உச்சம் 15ஆம் நூற்றாண்டின் பூசை உடைகள். மூன்று பெரிய மேற்போர்வைகள், குருமார் அணியும் மூன்று அங்கிகள், இரண்டு பீடத் திரைகள் என எட்டு உருப்படிகள். தேன்கூட்டு அறைகள் போன்ற கட்டங்களுக்குள் புனிதர்கள் நிற்கிறார்கள். தங்க இழைகளைப் பக்கம் பக்கமாகக் கிடத்தி, அவற்றின் மேல் நிறப்பட்டு நூலால் தைத்திருக்கிறார்கள். நிழல் வேண்டிய இடத்தில் தையல் நெருங்குகிறது. ஒளி வேண்டிய இடத்தில் ஐதாகி, அடியிலுள்ள தங்கம் தெரிகிறது. வான் எய்க் காலத்து ஓவியர்கள் தூரிகையால் செய்ததை இவர்கள் ஊசியால் செய்தார்கள். கோமகனின் பெயர் வரலாற்றில் நிலைத்துவிட்டது. ஊசி பிடித்த விரல்களை நினைக்க நாம்தான் முயலவேண்டும்.

மறுமலர்ச்சிக் காலத்துக்கு வந்தால், 1517க்குப் பின் செய்யப்பட்ட கட்டியகாரனின் கழுத்தணி இருக்கிறது. பொன்னிலும் எனாமலிலும் சபை வீரர்களின் குலச்சின்னங்கள் அதில் அணிவகுக்கின்றன. ஐந்தாம் சாள்ஸின் காலத்து ஐரோப்பாவின் அதிகாரப் பட்டியலை ஒரு மனிதன் தோளில் சுமந்து நடந்திருக்கிறான்.

எல்லாவற்றிலும் என்னை உறுத்துவது சத்தியச் சிலுவைதான். 1400 அளவில் பிரான்சில் செய்யப்பட்டது. பொன், நீலக்கல், முத்து. சபை வீரர்கள் பிரமாணம் செய்யும் சிலுவை இது. சபையின் விதிப்படி ஒரு வீரரை விசாரிக்கும் உரிமை சக வீரர்களுக்கே உண்டு. 1568 ஜூன் 5இல் எக்மொன்ட், ஹூர்ன் என்ற இரு பிரபுக்களின் தலைகள் பிரசெல்ஸ் பெருஞ்சதுக்கத்தில் வெட்டப்பட்டன. இருவரும் சபை வீரர்கள். விசாரணை மன்றத்தை அமைத்த அல்பா கோமகனும் சபை வீரனே. அவனை அனுப்பிய ஸ்பானிய மன்னன் இரண்டாம் பிலிப் சபையின் தலைவன். சிலுவையின் ஒரு கல்லும் உதிரவில்லை, சத்தியம்தான் உடைந்தது. இதை அறியாமல் அந்தக் கற்களை இரசிப்பது, வென்றவனின் கண்ணால் பார்ப்பதாகும்.

அடுத்தது, இவை யாருடையவை என்ற கேள்வி. 1794இல் பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் நெருங்கியபோது பிரசெல்ஸிலிருந்த கருவூலம் வியன்னாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. முதலாம் உலகப்போருக்குப் பின் பெல்ஜியம் அதைத் திருப்பிக் கேட்டது. மூன்று சட்டவல்லுநர் கொண்ட குழு 1921இல் கோரிக்கையை நிராகரித்தது. ஒஸ்திரியாவின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. அதே 1794இல் கென்ட் பீட ஓவியத்தின் நடுப் பலகைகளைப் பிரெஞ்சுக்காரர் பாரிசுக்குக் கொண்டுபோனார்கள். அவை 1815இல்தான் திரும்பின. ஆயினும் காப்பாற்றிக் கொண்டுபோவதும் கொண்டுபோய்த் தமதாக்கிக்கொள்வதும் ஒன்றல்ல.

பேர்ண் வரலாற்று நூதனசாலையிலும் இதே கோமகன் பிலிப்பின் ஆயிரம்பூத் திரைச்சீலை இருக்கிறது. 1476இல் கிரான்சன் போர்க்களத்தில் அவன் மகன் சாள்ஸ் தோற்றோட, சுவிஸ் படைகள் கைப்பற்றியது. அங்கே அதன் பெயர் பர்கண்டிக் கொள்ளைப்பொருள். வியன்னாவின் மென்மையான சொற்களைவிட இந்த முரட்டுச் சொல் எனக்கு நேர்மையாகப் படுகிறது.

பர்கண்டி என்ற அரசு இன்று இல்லை. கேட்க ஓர் அரசு இல்லாதவர்களின் பொருட்கள் வலிமையுள்ளவரிடம் தங்கிவிடுகின்றன. வீடு, நூலகம், கோவில் என்று விட்டுவந்த நமக்கு இது புதிய பாடமல்ல. சபையின் பழைய விதி மட்டும் ஒரு நல்ல அளவுகோலாக நிற்கிறது: அணிந்திருப்பதாலேயே ஒரு பொருள் உனதாகிவிடாது.