ஒழுகும் குழாயும் ஒரு காதலும்

லிசா சோலோடென்கோ 1998இல் எடுத்த ‘ஹை ஆர்ட்’ படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நிதானம். மேல்வீட்டிலிருந்து நீர் ஒழுகுகிறது. புகைப்படப் பத்திரிகையில் வேலை பார்க்கும் சிட் மாடியேறிப் போகிறாள். உள்ளே மங்கிய விளக்கொளி, சிகரெட் புகை, ஆங்காங்கே சரிந்து கிடக்கும் நண்பர்கள், சுவரில் அந்த வீட்டில் வசிக்கும் லூசி எடுத்த புகைப்படங்கள். சிட் அவற்றைப் பார்க்கும் பார்வையில் காதலும் முன்னேறும் ஆசையும் ஒன்றாக முளைத்துவிடுகின்றன. எது எதுவென்று அவளாலேயே பிரிக்க முடியாது. மேதை என்று கதையில் சொல்லப்படுபவரின் படைப்பைத் திரையில் காட்டும்போது பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். இங்கே புகைப்படக் கலைஞர் ஜோஜோ வில்டன் எடுத்த படங்கள் லூசியின் பெயரைக் காப்பாற்றுகின்றன.

பாட்ரிஷியா கிளார்க்சனின் கிரெட்டாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஹெராயின் மயக்கத்தில் வாழும் முன்னாள் ஜெர்மன் நடிகை. வெல்லப்பாகு கம்பி இழுப்பதுபோலச் சொற்களை நீட்டி நீட்டிப் பேசுகிறார். சிரிப்பு வருகிறது, கூடவே பயமும். லூசியாக வரும் ஆலி ஷீடியோ, பேசாமல் விழுங்கியதையெல்லாம் மெலிந்த தோள்களில் வைத்திருக்கிறார். போதைக்குக் கவர்ச்சி பூசாத, அதைப் பாடமாகவும் நடத்தாத படம் இது. இரவில், இடையில் நிறுத்தாமல் பாருங்கள்.